தக்காளி இப்போது யாரிடம்

அண்ணி வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடமாட்டாள். அவள் பிசியோதெரபிஸ்ட். ஒருவருடைய தோளையோ முழங்காலையோ கையில் பிடித்திருக்கும்போது சாட்சாத் கடவுளே கூப்பிட்டாலும் மணி அடித்து ஓய வேண்டியதுதான். அதனால் கார் கம்பெனியிலிருந்து காலையிலேயே வந்த செய்தியை, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் பார்த்தாள். பார்த்தவள் டப்பாவை அப்படியே மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

எனக்கு அப்போது பள்ளி விடுமுறை. நான் புவியியல் வாத்தியார், இன்னும் தனிக்கட்டை. விடுமுறை வந்தால் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கம். அன்று சனிக்கிழமை. அச்சகத்தில் மேலாளராக இருக்கும் அண்ணனுக்கு அரை நாள் வேலை. நாங்கள் இருவரும் கூடத்து ஜன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்தோம். அண்ணன் முக்காலியின் மேல், நான் கீழே ஆணியோடு.

"இதைப் படிங்க" என்று அண்ணி கைப்பேசியை அண்ணனிடம் நீட்டினாள்.

அண்ணன் முக்காலியில் நின்றபடியே உரக்கப் படித்தான். அந்த வகைக் கார்களில் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டிக்குள் ஈரம் இறங்க வாய்ப்பு இருக்கிறதாம். இறங்கினால் வண்டி ஓடாமல் சும்மா நிற்கும்போதுகூடத் தீப்பிடிக்கலாமாம். வண்டியைக் கொண்டுவந்தால் பெட்டியை இலவசமாக மாற்றித் தருவார்களாம். அதுவரைக்கும் வீட்டுக்குள்ளேயோ கூரைக்குக் கீழேயோ நிறுத்த வேண்டாம் என்று முடிந்திருந்தது.

"தக்காளிக்கா?" என்றேன்.

"தக்காளிக்குத்தான்" என்றாள் அண்ணி.

தக்காளி என்பது அண்ணி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் கார். குட்டையாக, உருண்டையாக, செக்கச்செவேலென்று இருக்கும். பேர் வைத்தது அவள் மகள். மகள் வளர்ந்து, பெரிய கார் வந்து, தக்காளியை அடுத்த தெரு ரொட்டிக்கடைக்காரருக்கு விற்றுச் சில வருடங்கள் ஆகின்றன.

அண்ணன் சிரித்துக்கொண்டே கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தான். "பொண்ணைக் கட்டிக்குடுத்து பேரனும் பொறந்தப்புறம் குறை இருக்கு, திருப்பி அனுப்புங்கன்னு பெத்தவனே கேக்கற மாதிரி இருக்கு. நமக்கென்ன, நாமதான் வித்துட்டோமே."

"ரொட்டிக்கடைக்காரருக்கு இந்தச் செய்தி வந்திருக்குமா?"

"கம்பெனி அனுப்பியிருக்கும்."

"கம்பெனி எனக்குத்தானே அனுப்பியிருக்கு" என்றாள் அண்ணி. "வண்டி யாருகிட்ட இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு ஏன் அனுப்பறாங்க?"

அண்ணன் கம்பியைப் பார்த்தான், ஆணியைப் பார்த்தான். "வித்த மாட்டுக்குப் புல்லு புடுங்கப் போறா உங்க அண்ணி" என்று என்னிடம் சொன்னான்.

"தம்பி, நீங்க வாங்க" என்றாள் அண்ணி. திரைக்கம்பி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நின்றது.

முதலில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போனோம். விஷயத்தைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று அண்ணி நினைத்தாள். காத்திருக்கும் கூடத்தில் உட்கார இடமில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தக்காளியின் உடன்பிறப்புகள் பல நிறங்களில் தூக்கும் இயந்திரங்களின் மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றன. இந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் அரை மணி நேரத்தில் சம்பந்தி ஆகிவிடுவதுபோல, ஒரே வகை வண்டி வைத்திருந்த ஒரே காரணத்துக்காக எல்லோரும் எல்லோரிடமும் பேசினார்கள்.

கறுப்புக் கோட்டை மடியில் மடித்துப் போட்டிருந்த வக்கீல் ஒருவர்தான் உரக்கப் பேசினார். "இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு பெட்டியை ஒழுங்கா மூடத் தெரியல. கோர்ட்டுக்கு இழுத்தா உள்ளங்கால்வரைக்கும் வேர்க்கும்."

கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண், "கோர்ட்டெல்லாம் அப்புறம் சார். வெளிய நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. அடுக்குமாடில எங்க நிறுத்தறது? என் வீட்டுக்காரர் தெருவில நிறுத்தினா, பக்கத்து வீட்டுக்காரர் என் வாசலை விட்டு எடுங்கன்னு வாளி நிறைய மணலோட நிக்கறார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூலையில் உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர் மட்டும் கம்பெனிக்குப் பரிந்து பேசினார். "நான் முப்பது வருஷமா வண்டி ஓட்டறேன். தப்பைத் தானே முன்வந்து தப்புன்னு சொல்றவனை எங்க பாக்க முடியுது? என் பழைய வண்டில ஸ்டியரிங் இறுகிப்போயி மூணு தடவை போனேன். உங்க கை பலமில்லேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவங்க உலகம் பூரா ஓடற வண்டியைக் கூப்பிட்டு, பணம் வாங்காம மாத்தித் தரேங்கறாங்க. அதுக்கு ஒரு கும்பிடு போடலாம்."

"சட்டம் இருக்கு, அதனால செய்யறான்" என்றார் வக்கீல்.

"சட்டம் எல்லாருக்கும்தான் இருக்கு. செய்யறவன் செய்யறான்ல."

இதற்குள் அண்ணியின் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குக் காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்துப் பேசினாள். அண்ணி பழைய இன்சூரன்ஸ் நகலிலிருந்து வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள்.

"உங்க வண்டி வரவேண்டியதுதான் மேடம். எப்ப கொண்டுவரீங்க?"

"வண்டி என்கிட்ட இல்லம்மா. வித்தாச்சு. இப்ப வச்சிருக்கறவங்களுக்கு நீங்க சொல்லணும்."

அவள் மறுபடியும் தட்டினாள். முகத்தில் சங்கடம் தெரிந்தது. "இந்த வண்டி இங்க சர்வீசுக்கு வந்தே ரொம்ப நாளாச்சு. வெளிய எங்கயோ விடறாங்க போல. எங்ககிட்ட இருக்கறது உங்க நம்பர் மட்டும்தான். உங்களுக்கு செய்தி போயிடுச்சு, நீங்க படிச்சிட்டீங்க. அதனால உரிமையாளருக்குத் தெரிவிச்சாச்சுன்னு காட்டுது."

"எனக்குத் தெரிஞ்சா அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியா?"

"கம்ப்யூட்டருக்கு அப்படித்தான் மேடம்" என்றாள் அவள் மெதுவாக. அவள் சமாளிக்கவில்லை, உள்ளதைச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அண்ணி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் நான் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள்ல யாராவது பழைய வண்டியா வாங்கினவங்க இருக்கீங்களா?"

அத்தனை பேரில் ஒரே ஒரு கைதான் எழுந்தது. டாக்சிக்காரர் கை. "எனக்குச் செய்தி வரலம்மா. முன்னாடி வச்சிருந்த டாக்டர் போன் பண்ணிச் சொன்னாரு. அவரு சொல்லலேன்னா நான் எங்க வந்திருக்கப்போறேன்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். இனி இது நம் வேலை என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

ரொட்டிக்கடைக்காரர் அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். முன்கை வரைக்கும் மாவு. அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு, "அய்யோ, அதை நான் வித்து வருஷமாச்சேம்மா. தெருமுனை போட்டோகிராபர் கேட்டாரு, குடுத்துட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது ஏதாவது ஏமாத்துச் செய்தியா இருக்கப்போகுது, பாத்துக்கங்க. போன வாரம் என் மச்சானுக்கு பேங்க்லேர்ந்து பேசறேன்னு சொல்லி ஒரு நம்பர் கேட்டு, வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிட்டாங்க" என்றார்.

"நான் சர்வீஸ் சென்டருக்கே நேர்ல போயிட்டு வந்தேன். நிஜம்தான்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நான் அந்த வண்டியைக் கடைக்குள்ளதான் நிறுத்துவேன். அடுப்புக்கு இந்தப் பக்கம்." அந்த இடத்தைக் கையால் காட்டினார். இப்போது அங்கே மாவு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

போட்டோகிராபர் ஸ்டூடியோவில் ஒரு குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி சிவப்புக் கார் என்று ஆரம்பித்ததுமே அவர் முகம் வெளுத்துவிட்டது. யார்மீதோ மோதிவிட்டது, போலீஸ் தேடுகிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "அது என்கிட்ட இல்லீங்க, நான் வித்துட்டேன், பேப்பரெல்லாம் பக்காவா இருக்கு" என்று மூச்சு விடாமல் சொன்னார். விஷயம் தெரிந்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். வாங்கினவர் யார் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வண்டி புரோக்கர் மூலமாகப் போயிருந்தது. "யாரோ வயசான மனுசன். சாவி வாங்கறப்ப வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாரு, புதுமாப்பிள்ளை மாதிரி. அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றார்.

புரோக்கரை நேரில் பிடிக்க முடியவில்லை. போனில் கிடைத்தார். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம்.

"வாங்கினவங்க விலாசத்தை யாருக்கும் குடுக்கறதில்லைங்க. தொழில் தர்மம்" என்றார். விற்ற வண்டியில் குற்றம் கண்டுபிடித்து யாரோ தன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்ற பயம் அந்தத் தர்மத்துக்குள் ஒளிந்திருந்தது.

அண்ணி அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. "விலாசம் வேண்டாங்க. நீங்களே அவருக்கு போன் பண்ணி, வண்டியை வெளிய நிறுத்தச் சொல்லிடுங்க. சொல்லிட்டேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இவ்வளவுதானே? பேஷா சொல்லிடறேன்."

நாங்கள் போட்டோகிராபரின் நாற்காலியிலேயே காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் புரோக்கர் கூப்பிட்டார். "சொல்லியாச்சும்மா. ரொம்ப சந்தோஷப்பட்டாரு."

"அப்படியா? வண்டியை எங்க நிறுத்தியிருந்தாராம்?"

மறுமுனையில் ஒரு இருமல் கேட்டது.

"சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேட்டேன்" என்றாள் அண்ணி. குரலில் கோபமே இல்லை. வீட்டில் தினமும் பயிற்சி செய்தேன் என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொல்கிற நோயாளிகள் எத்தனையோ பேரைக் கண்டவள் அவள். எந்த இடத்தில் தொட்டால் வலி தெரியும் என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

புரோக்கர் சிரித்துவிட்டார். தோற்றவனின் சிரிப்பு. "போன் போட்டேம்மா, எடுக்கல. அவரு மெத்தை தைக்கறவரு. மிஷின் சத்தத்தில காது கேக்காது. விலாசத்தை எழுதிக்கங்க. ஆனா நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

"மெத்தை" என்ற சொல்லில்தான் அண்ணியின் பேனா ஒரு கணம் நின்றது.

மறுநாள் காலை நாங்கள் கிளம்பும்போது ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நின்றார். சட்டை மாற்றி, தலை வாரி, கையில் ஒரு பை நிறைய பன். "நானும் ஒரு கை மாத்திவிட்டவன்தானே. கடையைத் தம்பி பாத்துக்குவான்" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். அண்ணன் வாசல்வரை வந்தான். வழியனுப்புகிற மாதிரியும் இல்லை, தடுக்கிற மாதிரியும் இல்லை. "தண்ணி எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

நான்தான் ஓட்டினேன். இரண்டு முறை வழி தவறினேன். மூன்றாவது முறையும் அதே பெட்ரோல் பங்க் வந்ததும், "வாத்தியார் பசங்களுக்கு என்ன பாடம் எடுக்கறீங்க?" என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

"புவியியல்."

"ஓகோ" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

மெத்தைக்காரர் வீடு ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு குறுகிய தெருவில் இருந்தது. கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. பட்டறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரோடு சுவராக ஸ்பாஞ்சு பலகைகள் கூரைவரைக்கும் அடுக்கியிருந்தன. தரையெல்லாம் பஞ்சுத் துணுக்கு. நடுவில் ஒரு நீளமான மேஜை, இரண்டு தையல் மிஷின். ஒன்றில் அவர் மனைவி உட்கார்ந்து மெத்தை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம், ஸ்பாஞ்சு அடுக்குகளுக்கு நடுவே, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு வண்டி நின்றது. துணியின் கீழ் விளிம்பில் சிவப்பு தெரிந்தது.

அண்ணி அந்தச் சிவப்பைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் இருந்த மரப்படியைப் பார்த்தாள். மேல்வீட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி.

மெத்தைக்காரர் ஒல்லியான மனிதர். உதட்டில் இரண்டு ஊசிகளைக் கவ்வியிருந்தார். வந்த விஷயத்தை அண்ணி சொல்லி முடிக்கும்வரை ஊசிகளை எடுக்கவில்லை. பிறகு எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டார்.

"வித்த வண்டியைத் தேடிக்கிட்டு எந்த ஊர்லயாவது யாராவது வருவாங்களா? எனக்குப் புரியுது. மகாராணியைத் திரும்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்திருக்கீங்க. இதோ பாருங்க, நான் குடுக்கறதா இல்ல." அவரிடம் தக்காளிக்கு மகாராணி என்று பேர்.

"எனக்கு வண்டி வேண்டாங்க. எங்ககிட்ட வேற இருக்கு."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம்?"

ரொட்டிக்கடைக்காரர் இடையில் புகுந்தார். "அய்யா, நானும் இதை வச்சிருந்தவன்தான். இந்தம்மா சொல்றது சத்தியம்."

அது காரியத்தை இன்னும் கெடுத்துவிட்டது. "ஓ, கூட்டமாவே வந்திருக்கீங்களா?" என்றார் மெத்தைக்காரர்.

அண்ணி கைப்பேசியில் செய்தியைக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். "இந்த மாதிரி எனக்குத் தினமும் வருது. போன வாரம் லாட்டரியில பங்களா விழுந்திருக்கு."

நானாக இருந்தால் அந்த இடத்தில் கோபப்பட்டிருப்பேன், அல்லது கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன். அண்ணி இரண்டும் செய்யவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு ஸ்பாஞ்சுக் கட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க என்னை நம்ப வேண்டாம்" என்றாள். "என் போன்ல இருக்கற நம்பரையும் நம்ப வேண்டாம். வண்டிக்குள்ள, முன் டப்பால ஒரு கையேடு இருக்கும். கம்பெனி அச்சடிச்சது. அதோட கடைசிப் பக்கத்தில ஒரு நம்பர் இருக்கும். உங்க போன்லேர்ந்து நீங்களே பேசுங்க. நாங்க வேணும்னா தெருவில போய் நிக்கறோம்."

மிஷின் சத்தம் நின்றது. அவர் மனைவி எழுந்து வந்தார். "பேசினா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்று கணவரிடம் கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் துணியை விலக்கி, கதவைத் திறந்து, கையேட்டை எடுத்துவிட்டார்.

மெத்தைக்காரர் அந்த நம்பரைக் கூப்பிட்டார். முதலில் சங்கீதம் கேட்டது. போனை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு ஒரு குரல் வந்து சேசிஸ் எண்ணைக் கேட்டது. மனைவி வண்டியருகே குனிந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார், இவர் திருப்பிச் சொன்னார். குரல் கொஞ்ச நேரம் காணாமல் போயிற்று. திரும்பி வந்தபோது, கேட்டது இதுதான். "சார், வண்டி இப்ப எங்க நிக்குது?"

"பட்டறைக்குள்ள."

"அங்க என்ன வேலை நடக்குது சார்?"

மெத்தைக்காரர் சுற்றிலும் பார்த்தார். தினமும் பார்க்கிற இடத்தை அன்றுதான் பார்ப்பதுபோல, கூரைவரை எழும்பியிருந்த ஸ்பாஞ்சை, தரையில் கிடந்த பஞ்சை, மரப்படியைப் பார்த்தார். மேலே யாரோ நடக்கும் காலடி கேட்டது. மேல்வீட்டில் இன்னும் ஆள் இருந்தது.

"மெத்தை தைக்கறோம்" என்றார்.

"உடனே வெளிய எடுங்க சார். ஸ்டார்ட் பண்ணாம தள்ள முடிஞ்சா தள்ளிடுங்க. பெட்டி மாத்த நாங்க நாள் குறிச்சுத் தரோம்."

அதன் பிறகு யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அந்த அம்மாள் ஸ்பாஞ்சு அடுக்குகளை இந்தப் பக்கம் இழுக்க, ரொட்டிக்கடைக்காரர் மேஜையை நகர்த்த, நான் இரும்புக் கதவை முழுவதும் திறந்தேன். அண்ணி உள்ளே ஏறி உட்கார்ந்து கியரைத் தளர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த இருக்கையில் அவள் எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பாள்! கண்ணாடியைக்கூடத் திருப்பாமல் பின்னால் பார்த்தபடி, "மெதுவா, மெதுவா" என்றாள். நாங்கள் நான்கு பேரும் தள்ளினோம். தக்காளி முக்கிக்கொண்டே வாசல் மேட்டைத் தாண்டி வெயிலுக்கு வந்தது.

தெருவில் நிறுத்தியதும் மெத்தைக்காரருக்கு மறுபடியும் மனசு கேட்கவில்லை. "பசங்க கீறிடுவாங்களே" என்றார்.

"கீறினா பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்றார் மனைவி.

அவர் தலையாட்டினார். மரப்படியின் கீழ்ப்படியில் போய் உட்கார்ந்தார். அந்த அம்மாள்தான் தண்ணீர் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் பையைத் திறந்து பன்களை மேஜையில் பரப்பினார். எல்லோருக்கும் நல்ல பசி. சாப்பிட்டுக்கொண்டே வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். ஒரே மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கைகள் பேசிக்கொள்வதுபோல இருந்தது. குளிர்காலத்தில் சாவியின் முதல் திருப்பலுக்குக் கிளம்பாது என்று அண்ணி சொன்னாள். இரண்டாவது கியரில் ஒரு முனகல் உண்டே என்றார் ரொட்டிக்கடைக்காரர். "அது இன்னும் இருக்கு" என்றார் மெத்தைக்காரர், பெருமையாக. பிறகுதான் அண்ணியை நேராகப் பார்த்தார்.

"நான் ஏதேதோ பேசிட்டேம்மா."

"நானா இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்" என்றாள் அண்ணி. அது நிஜமும்கூட. பிறகு பேச்சு அவள் வேலைக்குத் திரும்பியது; முழங்கால் வலிக்காரர்களுக்குக் கால் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு ஸ்பாஞ்சுக் கட்டியை வைத்துக் காட்டினாள்.

அடுத்த வாரம் சர்வீஸ் சென்டருக்கு மெத்தைக்காரர் வண்டியைக் கொண்டுவந்தபோது நாங்களும் போனோம். அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கேட்டதற்கு, "சும்மாதான், அந்தப் பெட்டி எப்படி இருக்கும்னு பாக்கலாம்னு" என்றான்.

மெக்கானிக் கழற்றிய பெட்டியைத் துணியில் வைத்துக்கொண்டு வந்து காட்டினார். இணைப்புக் கம்பிகளின் வேரில் பச்சை பூத்திருந்தது. ஓர் ஓரம் லேசாகக் கறுத்திருந்தது.

"நாளைக்கே பத்தியிருக்குமா?" என்று கேட்டார் மெத்தைக்காரர்.

"தெரியாதுங்க. நாளைக்கே பத்தியிருக்கும்னு சொன்னா அது பொய். பத்தவே பத்தாதுன்னு சொன்னா அதுவும் பொய். ஈரம் உள்ள போயிருக்கு. அது மட்டும் நிஜம்."

மெத்தைக்காரர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அண்ணன் அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்தான். அண்ணியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

மேஜைக்குப் பின்னால் அதே பெண்தான் இருந்தாள். அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது. "வண்டி இப்ப உங்ககிட்டதான் இருக்கா சார்? வித்துட்டீங்களா? அப்ப வாங்கினவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி, எங்களுக்கும் அவங்க நம்பரைத் தரச் சொல்லுங்க." போனை வைத்தவள் அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நீங்க போனப்புறம் மேனேஜர்கிட்ட கேட்டேன் மேடம். தெரிவிச்சாச்சுன்னு காட்டற வண்டியில எத்தனை இப்படி இருக்கும்னு. அவருக்கும் பதில் தெரியல. அதான் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்கறோம். எங்க கிளையில ஆரம்பிச்சது, இப்ப எல்லாக் கிளைக்கும் சொல்லியிருக்காங்க. வக்கீல் சார்கூட, இதே வண்டியைப் பழசா வாங்கின அவரோட நண்பர் ஒருத்தரைக் கண்டுபிடிச்சு அனுப்பினாரு. கோர்ட்டுக்கும் போவேன்னுதான் சொல்றாரு."

தொண்டை அன்றும் கட்டித்தான் இருந்தது. அண்ணி அவளுக்குக் கழுத்தையும் தோளையும் தளர்த்த இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். வரிசையில் நின்றவர்களும் கூடவே கழுத்தைத் திருப்பினார்கள்.

விடுமுறை முடிந்து நான் ஊருக்குக் கிளம்பும் நாள் காலை. சொல்லிக்கொண்டு போகலாம் என்று அண்ணியின் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். வாசலில் செக்கச்செவேலென்று வண்டி நின்றது. மெத்தைக்காரரும் அவர் மனைவியும் பின்கதவைத் திறந்து, முழங்காலுக்கு அடியில் வைக்கிற சாய்வுத் திண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியது, சிறியது, குழந்தைகளுக்கென்று தனியாக ஒன்று. துடைத்தால் சுத்தமாகிற நீல உறை, ஓரத்தில் இரட்டைத் தையல்.

"அளவு எப்படி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"இவங்க அன்னிக்குப் பட்டறையில உக்காந்து, நோயாளிக்குக் கால் எந்த உயரத்தில இருக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாங்கல்ல. அப்ப மனசில வாங்கிக்கிட்டேன்" என்றார் மெத்தைக்காரர்.

உள்ளே கதவு திறந்திருந்தது. அண்ணி ஒரு கிழவரின் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "இன்னும் கொஞ்சம், விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெத்தைக்காரர் செருப்பைக் கழற்றினார். திண்டுகளைச் சத்தமில்லாமல் சுவரோரம் அடுக்கினார். கூப்பிடட்டுமா என்று சைகையில் கேட்டேன்.

வேண்டாம் என்று கையசைத்தார். "வேலை நடக்குது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்றேன்.